டம்ளர் உயரக் காற்று

தூங்குவதற்கு ஒரு மெஷின் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் ஃபேக்டரியில் யாரும் நம்பவில்லை. எந்த மெஷினும் இல்லாமல் எந்த இடத்திலும் தூங்கக்கூடியவன் என்று எனக்குப் பெயர். கேன்டீன் வரிசையில் தட்டோடு தூங்கியிருக்கிறேன். ஞாயிறு பூசையில் நின்றபடி தூங்கியிருக்கிறேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, ஆளுக்கு பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். வேலையில் விழிப்போடு இருப்பது எப்படி என்று சேஃப்டி ஆபீசர் நடத்திய வகுப்பில், முதல் வரிசையில் உட்கார்ந்து, குறட்டையோடு தூங்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் நானே ஜோக்காகச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டு நடுவில் இருக்கிற அரளிச் செடிக்குள் வண்டியை விட்டேன். அன்றோடு ஜோக் நின்றது.

எலத்தகிரியில் மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மனைவி லூர்துவைப் பின்னால் உட்கார வைத்து ஓசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், நல்ல ரோடு. சூளகிரி தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், வாய்க்குள் அரளி இலை. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு நிறுத்தி, எனக்குப் புரியாத பாஷையில், புரிகிற மாதிரி திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிராய்ப்புதான். லூர்துவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"கூப்பிட்டேங்க. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

இன்னொரு கையைப் பிடித்து அவளை ரோட்டோரத்துக்குக் கூட்டிப்போனேன்.

செய்தி கம்பெனிக்குப் போனது. நான் வேலை பார்ப்பது சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஃபேக்டரி. அங்கே காம்ப்ரஷர் ஹவுஸ் என் பொறுப்பு. காற்றை உறிஞ்சி, அழுத்தி, பைப் வழியாக எல்லா மெஷினுக்கும் அனுப்புகிற இடம் அது. அங்கே நான் தூங்கி விழுந்தால் ஒன்று நான் போவேன், இல்லாவிட்டால் ஃபேக்டரி நிற்கும். கம்பெனி டாக்டர் என்னைப் பார்த்தார், விபத்து ரிப்போர்ட்டைப் பார்த்தார். "தூக்கத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்கிட்டருந்து ஃபிட்னஸ் லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஓடுற மெஷின் பக்கமே போகக்கூடாது" என்றார். லெட்டர் வராவிட்டால் டூல் ரூமிலேயே நிரந்தரமாகப் போட்டுவிடுவோம் என்று எச்.ஆர். சொன்னார்.

எங்கள் டூல் ரூமைச் சுற்றிக் கம்பி வலை. ஒரு சின்ன சதுர ஓட்டை வழியாக ஸ்பானரும் கையுறையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். போகிற வருகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, வாழைப்பழம் போடலாமா என்று கேட்டார்கள். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்ய? ஆனால் தூரத்தில் என் காம்ப்ரஷர்கள் லோடு எடுத்து லோடு விடுகிற சத்தம் கேட்கும். அது கேட்கும்போது மட்டும் அந்த வலை கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி இருக்கும்.

ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில், நுரையீரல் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம். காத்திருக்கும் இடத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து இருமிக்கொண்டிருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆரோக்கியசாமி. வரிசையில் இருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். பெயர் வைத்த அப்பாவுக்கு நன்றி.

டாக்டரம்மா முதலில் டேப் எடுத்துக் கழுத்தை அளந்தார். "காலர் வெச்சே தச்சுடுங்க மேடம்" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் அளவைக் குறித்துக்கொண்டபோது சிரிக்கவில்லை. அப்புறம் லூர்துவைப் பார்த்து, "இவரு தூங்கும்போது என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"மூச்சு நிக்கும் டாக்டர். நான் முழங்கையால இடிப்பேன். அப்பறம் வரும்."

"எவ்வளவு நாளா இடிக்கிறீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. முதல்லல்லாம் சத்தம் வந்தா இடிப்பேன். இப்ப சத்தம் நின்னா இடிக்கிறேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று எளிமையாகச் சொன்னார். தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைத் தசை தளரும். எனக்கு அளவுக்கு மீறித் தளர்ந்து, மூச்சு போகிற வழியையே மூடிவிடுகிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று வரவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பயந்துபோய் என்னை உலுக்கி எழுப்பிவிடுகிறது. ஒரு கணம்தான் எழுப்பும்; எழுந்தது எனக்கே தெரியாது. மறுபடி தூக்கம், மறுபடி மூடல். இப்படி விடியும்வரை. அதனால்தான் படுத்து எழுந்தவன் மூட்டை தூக்கியவன் மாதிரி இருக்கிறேன். பகலில் கிடைத்த இடத்தில் மூளை கடனை வசூலிக்கிறது. ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். அப்படியே விட்டால் பிரஷர் ஏறும், இதயம் கெடும், பக்கவாதம் வரலாம்.

"முதல்ல டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்றார்.

டெஸ்ட் என்றால், ஒரு ராத்திரி அங்கேயே தூங்க வேண்டும். ரொம்பச் சுலபமான பரீட்சை என்று போனேன். நந்தினி என்று ஒரு டெக்னீஷியன் பெண். தலையில் அங்கங்கே பசை தடவி ஒயர் ஒட்டினாள். கண் ஓரத்தில் ஒயர், தாடையில் ஒயர், காலில் ஒயர். மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் கிளிப். கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஸ்டார் மட்டும்தான் பாக்கி. இத்தனையும் கட்டிவிட்டு, "ரிலாக்ஸா தூங்குங்கண்ணா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மேலே ஒரு கேமரா சிவப்பாக முழித்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தூக்கம் வரவில்லை. பாத்ரூம் போவதற்குக்கூட கூரையைப் பார்த்துப் பேசி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. எப்படியோ கண் அசந்தேன் போலிருக்கிறது.

காலையில் பசையைத் துடைத்துக்கொண்டே நந்தினி சொன்னாள்: "பாதி டெஸ்ட்ல நானே ரெண்டு தடவ எந்திரிச்சு கதவுகிட்ட வந்துட்டேண்ணா. மறுபடி மூச்சு விடுவீங்களா மாட்டீங்களான்னு."

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, ராத்திரிதோறும் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் வாங்கச் சொன்னார். இன்ஷூரன்ஸ்காரர்கள், ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தருவோம், வீட்டில் படுத்தால் தரமாட்டோம் என்றார்கள். வீட்டில் தூங்குகிற மெஷின் ஆயிற்றே இது. லூர்து தன் சீட்டைத் தள்ளி எடுத்தாள். அந்தப் பணத்தில்தான் மெஷின் வந்தது.

மெஷின் ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாய் முனையில் மூக்கை மூடுகிற ரப்பர் மாஸ்க், அதைத் தலையில் கட்ட வார்கள். சி-பேப் என்கிறார்கள். மூக்கு வழியாகக் காற்றை மெல்ல அழுத்தி அனுப்பி, மூடப் பார்க்கிற தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். டியூபில் காற்று நிற்கும்வரை டயர் மடியாது, அந்தக் கணக்குதான். நந்தினி ஒவ்வொரு செட்டிங்காகச் சொல்லிக்கொடுத்தாள். நான் தலையாட்டினேன். காது கேட்டது, மண்டை கேட்கவில்லை. காற்றைப் பற்றி எனக்குப் பாடமா?

விஷயம் என்னவென்றால், இந்த மெஷினின் அழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தில் அளக்கிறார்கள். பத்து என்றால் பத்து சென்டிமீட்டர் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீர் அடியில் இருக்கிறவனை எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான். எங்கள் ஃபேக்டரி லைனில் ஏழு கிலோ அழுத்தம் ஓடுகிறது. அதில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது இது. "இதுக்குப் பேரு பிரஷரா? நாங்க சட்டையில தூசி தட்டுறதே இதவிட அதிகம்" என்று நந்தினியிடம் சொன்னேன். அவள் சிரித்தபடி பையில் போட்டுக் கொடுத்தாள்.

அந்த டம்ளர் தண்ணீர்தான் என்னை மூழ்கடித்தது.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீடு மாடியில். குளிர்காலத்தில் ஓசூர்க் குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். நான் எப்போதும்போல மூக்கைச் சுற்றி விக்ஸ் தடவி, கம்பளிக் குல்லாவைக் காது மூட இழுத்து, அதன் மேல் மாஸ்க் வாரைக் கட்டினேன். ஸ்விட்ச் போட்டேன். காற்றே வரவில்லை. அதாவது வருகிறது, ஆனால் போதவில்லை. வழுக்கை அடைத்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி. மூக்கு மூடியிருக்கிறது, வாயைத் திறந்தால் மூக்கு வழி வருகிற காற்றும் வாய் வழியே ஓடிவிடுகிறது. கழுத்தில் குழாய். திரும்பினால் குழாய் இழுக்கிறது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

மறுநாளும் அப்படியே. கொஞ்சம் தூங்கினாலும் ஒரே கனவு. காம்ப்ரஷர் ஹவுஸில் காற்றைச் சேர்த்து வைக்கிற பெரிய இரும்பு டேங்குக்குள் நான் கிடக்கிறேன். உள்ளேயிருந்து தட்டுகிறேன். வெளியே ஒருவன் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நிற்கிறான். பார்த்தால் அவனும் நான்தான்.

மெஷினுக்குள் ஒரு சின்ன கார்டு இருக்கிறது. எத்தனை மணி நேரம் போட்டோம், எத்தனை தடவை மூச்சு நின்றது, எவ்வளவு காற்று ஒழுகியது, எல்லாவற்றையும் அது எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை டாக்டரம்மா அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஒரு ராத்திரிக்கு ஒரு கோடு என்று வந்தது, எல்லாம் குட்டிக் கோடு.

"ஏதாவது கஷ்டமா இருக்கா ஆரோக்கியசாமி? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அட்ஜஸ்ட் பண்ணலாம்."

கஷ்டம் என்று சொன்னால் லெட்டர் கிடைக்காதோ என்று பயம். "ஒண்ணுமில்ல மேடம். மெஷின் தங்கம். நான்தான் பித்தளை" என்றேன். லூர்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தேன்.

"இத வெச்சு நான் லெட்டர் எழுத முடியாது. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, உங்க கம்பெனிக்கு முடியாதுன்னுதான் எழுதணும்" என்றார்.

அதாவது அடுத்த முறைதான் கடைசி. அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை கம்பி வலை, கையுறை, வாழைப்பழம்.

அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். போனில் வீடியோ தேடி, டாக்டர்கள் மட்டும் போகிற உள் மெனுவுக்குள் எப்படிப் போவது என்று கண்டுபிடித்தேன். உள்ளே போனதும் எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் நம்ம வீட்டுச் சமாச்சாரம். ரேம்ப் என்று ஒன்று. ஆரம்பத்தில் கம்மியாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுமாம். எதற்கு இந்தச் சோம்பேறித்தனம்? ஆஃப். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குகிற வசதி ஒன்று. பிரஷர் டிராப்பா, என் லைனிலா? எங்கள் ஃபேக்டரியில் கேஜ் முள் கொஞ்சம் இறங்கினாலே விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். ஆஃப். கடைசியாக, திரையில் காற்று ஒழுகுகிறது என்று ஒரு சிவப்பு அழுமூஞ்சி வந்துகொண்டேயிருந்தது. வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டினேன். ஒழுகுகிற காற்றுக்கு ஈடாக இருக்கட்டும் என்று குறைந்தபட்ச அழுத்தத்தைத் தூக்கி வைத்தேன்.

பிறகு படுத்தேன். ஓடுகிற பஸ் ஜன்னலில் முகத்தை நீட்டிக்கொண்டு மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே போவது பிரச்சினையில்லை, வெளியே விடுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு மூச்சுக்கும் கதவைத் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. தொண்டை வழியாகக் காற்று வயிற்றுக்கும் போய், காலையில் வயிறு காற்றடித்த டியூப் மாதிரி நின்றது. நாள் முழுக்க ஏப்பம். வாரை இழுத்துக் கட்டியதில் மூக்குத் தண்டில் புண். குளிரில் குழாய்க்குள் ஈரம் தண்ணீராகி, புரண்டு படுத்தால் மூக்கில் தீர்த்தம் தெளித்தது. அழுமூஞ்சி இன்னும் சிவப்பாக அழுதது. நான் இன்னும் கொஞ்சம் அழுத்தம் ஏற்றினேன். டாக்டரைப் பார்க்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்ல முடியாது. கை வைத்தது நான்.

அப்போதுதான் மஞ்சு வந்தான்.

மஞ்சு எனக்கு அசிஸ்டென்ட். அத்திப்பள்ளிக்காரன், பார்டருக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் தூங்கி, இந்தப் பக்கம் வேலை செய்கிறவன். இப்போது என் இடத்தில் காம்ப்ரஷர் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறான். டூல் ரூம் ஓட்டையில் முகத்தை வைத்து, "அண்ணா, லைன்ல பிரஷரே நிக்கல. அதான் அர கிலோ ஏத்தி வெச்சுட்டேன். இப்ப பரவால்ல" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்டா, லீக்க வெச்சுக்கிட்டு பிரஷர ஏத்துவியா? ஏத்துனா லீக்கும் சேந்து ஏறும். ஓட்ட பெருசாகும். காம்ப்ரஷர் சாகும். எத்தன தடவ சொல்லிருக்கேன், முதல்ல ஒழுகுற எடத்தக் கண்டுபிடி, அத அடை, அப்பறம்தான் ரெகுலேட்டர்ல கை வெக்கணும்னு. சோப்புத் தண்ணி எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு ஜாயிண்டா..."

அங்கே என் வாய் நின்றது. ஒரு நீள ஏப்பம் மட்டும் வந்தது.

மஞ்சு கம்பி வலை வழியாக உற்றுப் பார்த்தான். "நித்தே பந்தா அண்ணா?" தூக்கம் வந்துடுச்சா என்று கன்னடத்தில் கேட்கிறான். பாதிப் பேச்சில் தூங்கிப்போவது என் வழக்கம் ஆயிற்றே.

"இல்லடா. இப்பதான் முழிச்சேன்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் விளக்கெல்லாம் போட்டு, கட்டிலில் உட்கார்ந்தேன். லூர்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெனுவுக்குள் போனதையும் சேர்த்து. அப்புறம் மாஸ்க்கைக் கட்டி மெஷினை ஓடவிட்டேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையின் புறங்கையை என் முகத்தைச் சுற்றி மெல்ல நகர்த்தினாள். உலையில் ஆவி பார்ப்பது மாதிரி.

"இங்க வருது. கண்ணுக்குக் கீழ. காதுப் பக்கமா சாஞ்சு படுங்க... இப்ப ரொம்ப வருது. வாரு வழுக்குதுங்க. இந்தக் குல்லாவக் கழட்டுங்க."

மாஸ்க்கைத் தூக்கி, "குளிரும்" என்றேன்.

"கழட்டிட்டு வாருக்கு மேல போட்டுக்குங்க. யாரு வேண்டாங்குறா. மூஞ்சில என்ன இது, வழவழன்னு?"

"விக்ஸ்."

"எண்ணெ தடவுன சட்டியில மூடி நிக்குமா? போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

அவ்வளவுதான். கழுவிவிட்டு, வெறும் தலையில் வாரைக் கட்டி, அதையும் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தினோம். அழுமூஞ்சி போய்ப் பச்சையாக ஒரு சிரிப்பு முகம் வந்தது. வருஷக்கணக்காக ஃபேக்டரி முழுக்க லீக் தேடி அலைந்தவன், சொந்த முகத்தில் தேடவில்லை. லூர்து அதோடு விடவில்லை. ஒரு பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, மறுநாள் ஒற்றைக் கையால் பிடித்துப் பிடித்துத் தைத்து, குழாய்க்கு உறை போட்டாள். அதற்குப் பிறகு தீர்த்தம் நின்றது. வெளிக் குளிர் குழாயில் படாவிட்டால் உள்ளே ஈரம் தண்ணீர் ஆகாது, அவ்வளவுதான் விஷயம். எங்கள் ஏர் லைனிலும் இதே தொல்லைதான். அதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மீதியைச் சரிபண்ண ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். நந்தினி மெஷினைப் போட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"இது யாருண்ணா பண்ணது?"

"கரண்டு ஏறி ஏறி எறங்குச்சும்மா..."

"கரண்டு உள்மெனுவுக்குப் போயி ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணுச்சா?"

"படிச்ச கரண்டு."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் கோபமாகவே சொன்னாள். அழுத்தம் கூடினால் நல்லது என்று இல்லையாம். தொண்டை திறந்து நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும். அது டெஸ்ட்டில் பார்த்து டாக்டர் முடிவு செய்வது. கூட வைத்தால் ஒழுகும், வயிறு உப்பும், சிலருக்கு மூச்சு வேறு மாதிரிகூட நிற்கும். மெஷின் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ள ஒரு எல்லை கொடுத்திருக்கிறார்கள். அந்த எல்லையில் நம் கை படக்கூடாது. ஆனால் வசதிக்கான செட்டிங் வேறு. அதைப் பற்றி நாம் வாயைத் திறந்து சொன்னால்தான் மாற்ற முடியும்.

"முதல் நாள் எப்படி இருந்துச்சு? ஜோக் வேண்டாம்."

வழுக்கை அடைத்த ஸ்ட்ராவைச் சொன்னேன். "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல" என்றாள். ரேம்ப் ரொம்பக் குறைவான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. படுத்ததும் தூங்கிவிடுகிறவர்களுக்கு அது சுகம். என்னைப் போல பெரிய நெஞ்சுக்காரனுக்கு, அதுவும் முழித்துக்கொண்டு பயந்து கிடப்பவனுக்கு, காற்றுப் பஞ்சம். டாக்டரம்மாவைக் கேட்டு, தொடங்குகிற இடத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஏறுகிற நேரத்தைக் குறைத்தாள். மூச்சு விடும்போது இறங்குகிற வசதியை முழுசாகப் போட்டாள். "பிரஷர் டிராப் ஆகுதேம்மா" என்றேன், பழக்கதோஷம். "ஆகணும்ணா. நீங்க மூச்சு வெளிய விட வழி வேண்டாமா?" என்றாள். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். சாயங்காலத்தில் டி.வி. பார்க்கும்போது கொஞ்ச நேரம் சும்மா போட்டுப் பழகச் சொன்னாள்.

பழகினேன். மாஸ்க் போட்டிருக்கும்போது பேச முடியாது. வாயைத் திறந்தால் காற்று அடிக்கும். லூர்து வீட்டுக் கதை, தெருக் கதை, என் தங்கச்சிக் கதை எல்லாம் எதிரில் உட்கார்ந்து பேசுவாள். நான் தலையாட்டுவேன். இவ்வளவு நல்ல புருஷனைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை என்றாள்.

பிடித்துப்போனது என்று பொய் சொல்லமாட்டேன். இப்போதும் விளக்கை அணைத்து வாரை மாட்டுகிற அந்த ஒரு கணம், கதவை வெளியே தாழ் போடுகிற மாதிரிதான் இருக்கும். மெல்ல ஒன்று, இரண்டு என்று மூச்சை எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எங்கோ போய்விடும். ஆனால் அடுத்த முறை கார்டைப் போட்டுப் பார்த்தபோது கோடுகள் நீளமாக வந்தன.

டாக்டரம்மா லெட்டர் எழுதினார். ஒரு நிபந்தனையோடு. மெஷின் போட்டுத் தூங்குகிறவரை ஃபிட். கம்பெனி கேட்கும்போதெல்லாம் கார்டைக் காட்ட வேண்டும். தூங்காமல் ஷிப்டுக்குப் போகக்கூடாது.

"எத்தன நாளைக்கு மேடம் போடணும்?"

"தூங்குற நாளைக்கெல்லாம்."

ஆயுள் தண்டனை என்றால் வார்டனாவது மாறுவார். எனக்கு மாறுவது ஃபில்டர் மட்டும்தான். லெட்டரை வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினேன். எச்.ஆர். படித்தார். "சரி, நாளைக்கு நைட் ஷிப்ட்ல ஏறிக்குங்க" என்றார்.

நைட் ஷிப்ட் என்றால் பகலில் தூங்க வேண்டும். மறுநாள் காலை டீ குடித்துவிட்டுப் படுக்கத் தயாராகும்போது, வீட்டு ஓனரம்மா படியேறி வந்து, "மோட்டார் போட்டுத் தண்ணி புடிச்சுக்குங்கம்மா. இன்னைக்கு துணை மின்நிலையத்துல பராமரிப்பாம், சாயங்காலம் வரைக்கும் கரண்டு இருக்காது" என்று லூர்துவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஷின் இல்லாமல் தூங்கினால் அது தூக்கம் இல்லை, மூச்சுத் திணறல். தூங்காமல் போனால், முதல் ராத்திரியே கேஜ் முன்னால் சாமியாடுவேன். அதோடு கதை முடிந்தது. லீவு சொன்னால், லெட்டர் கொடுத்த மறுநாளே லீவா என்பார்கள்.

லூர்து ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "இங்கதானே கரண்டு இல்ல. அத்திப்பள்ளில இருக்கும்ல?"

"அது கர்நாடகா."

"அதத்தான் சொல்றேன்."

மஞ்சுவுக்குப் போன் போட்டேன். அவன் பகல் ஷிப்டில் இருந்தான். "போங்கண்ணா, அம்மாகிட்ட சொல்லிடுறேன்" என்றான். மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் ஏறி, மடியில் அணைத்திருந்த பையைத் தட்டி என்ன என்று கேட்டார். "என் மூச்சு சார்" என்றேன். லூர்து அவசரமாக, "ஆஸ்பத்திரி மெஷினுங்க" என்று திருத்தினாள். தூங்குவதற்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மஞ்சு வீடு சின்னது. முன்னறையில்தான் பிளக் இருந்தது. அங்கேதான் டி.வி., அங்கேதான் காய் நறுக்குவது, அங்கே வழியாகத்தான் எல்லோரும் போவதும் வருவதும். மஞ்சுவின் அம்மா பாயை விரித்து, சீரியல் சத்தத்தைக் குறைத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சொந்த வீட்டிலேயே விளக்கை அணைத்துவிட்டுத்தான் மாட்டுவேன். இங்கே பட்டப்பகலில், முன்பின் தெரியாத வீட்டில், தும்பிக்கையோடு. வேறு வழியில்லை, மாட்டினேன். அந்தம்மா குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். வாயைத் திறந்தால் காற்று அடிக்கும், கும்பிடு போட்டேன். "சும்னே மலகு" என்றார் அந்தம்மா. பேசாமல் படு என்று அர்த்தம். ஒன்று, இரண்டு, மூன்று. குழாயில் கர்நாடகக் கரண்டில் தமிழ்நாட்டு ஆள் அளவுக்குக் காற்று வந்தது.

லூர்து தட்டி எழுப்பியபோது வெயில் இறங்கியிருந்தது. அவள் முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

"என்ன?"

"பக்கத்து வீட்டு ஆளுங்கல்லாம் வந்து சுத்தி உக்காந்திருந்தாங்க. மஞ்சு உங்க குறட்டையப் பத்தி ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கான். ஃபேக்டரி சங்கு மாதிரி இருக்கும்னு. எல்லாரும் காத்திருந்து காத்திருந்து பாத்தாங்க. ஒண்ணும் வரல. காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க."

அங்கிருந்தே நேராக ஷிப்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் காம்ப்ரஷர் ஹவுஸின் சூடும் சத்தமும் முகத்தில் அடித்தது. விடியும்வரை உட்காரக்கூட இல்லை. கண் எரியவில்லை. முன்பெல்லாம் நான் கண் அசந்து விழிக்கும்போது தாவியிருக்கிற சுவர்க் கடிகாரம், இன்று ஒவ்வொரு நிமிஷமாக நகர்ந்தது.

காலையில் ஷிப்ட் மாற்ற வந்த மஞ்சு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க தெருவுல எம்பேரே போச்சுண்ணா. பொய்யன்னு சொல்றாங்க. ஒரே ஒரு தடவையாவது விட்டிருக்கலாம்."

"மன்னிச்சுக்கடா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குத் தூங்கப் போனேன்.